தகடூரின் தொடக்கத்திற்கு யார் சாட்சி?



சில நகரங்களுக்குப் பிறந்த நாள் உண்டு. ஆங்கிலேய வணிகக் குழுமத்தார் கடற்கரை மணல்வெளியில் நிலம் பெற்ற 1639 ஆகஸ்ட் 22ஆம் நாளையே சென்னையின் பிறந்த நாளாகக் கொண்டாடுகின்றனர். அமெரிக்காவின் நியூயார்க் 1620களில் டச்சு வணிகர்களின் குடியிருப்பாகத் தொடங்கி, நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற பெயரில் வளர்ந்து, 1664இல் ஆங்கிலேயர் வசம் ஆனபோது இன்றைய பெயரைப் பெற்றது. இந்நகரங்களின் தொடக்கம் காகிதத்தில் எழுதப்பட்டது. அந்தக் காகிதங்களுக்கு முன்பே அங்கு வாழ்ந்த மக்களைப் பற்றித்தான் அவை அதிகம் பேசுவதில்லை.

நாம் வாழும் தருமபுரிக்கோ பிறந்த நாள் இல்லை. இதை நிறுவியவர் இன்னார் என்று காட்டும் பத்திரமும் இல்லை. ஆனால் சென்னையும் நியூயார்க்கும் தோன்றுவதற்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே தகடூர் என்ற பெயரில் இது ஒரு தலைநகராக விளங்கியது. அந்தத் தொடக்கக் காலத்தை நாம் எவ்வாறு அறிகிறோம்? அதைச் சொன்னவர்கள் யார்? அவர்களை எவ்வளவு நம்பலாம்? இந்தக் கட்டுரையில் நாம் ஆராய விரும்புவது இதையே.

கேள்வி நமக்குப் புதிதன்று

மத்ரஸாவில் ஹதீஸ் கலையைப் பயிலும் மாணவர், ஒரு செய்தியைக் கேட்டவுடன் அதன் பொருளுக்குள் நுழைந்துவிடுவதில்லை. இதை அறிவிப்பவர் யார், அவர் யாரிடமிருந்து கேட்டார், அவ்விருவரும் சந்தித்தவர்களா என்று முதலில் வினவுகிறார். இந்த அறிவிப்பாளர் தொடரையே இஸ்னாத் என்கிறோம். ஒருவர் சொன்ன செய்தியை, அவரோடு தொடர்பில்லாத மற்றொருவர் வேறு வழியில் உறுதி செய்தால் அச்செய்தி வலுப்பெறுகிறது. மார்க்க ஆதாரத்தின் தரம் வேறு, ஊர் வரலாற்றின் தரம் வேறு. இரண்டையும் ஒன்றாக்குவது நம் நோக்கமன்று. ஆயினும் சாட்சியை எடை போடும் இந்தப் பயிற்சி ஊர் வரலாற்றைப் படிக்கும்போதும் நமக்குத் துணை நிற்கிறது.

முதல் சாட்சி: உடன் இருந்த புலவர்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றி நமக்கு மிகுதியாகச் சொல்பவர் ஔவையார். ஆத்திசூடி பாடிய ஔவையார் இவருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். பள்ளிப் பிள்ளைகள் இருவரையும் ஒருவராகக் கருதுவதுண்டு. சங்க கால ஔவையார் அஞ்சியின் அவையில் இருந்து, அவனைக் கண்ணால் கண்டு பாடியவர். அவருடைய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன.

எல்லோரும் அறிந்த நெல்லிக்கனிச் செய்தி அங்கேதான் இருக்கிறது. ஏறுவதற்கரிய மலைப் பிளவில் விளைந்த, வாழ்நாளை நீட்டிக்கும் என்று நம்பப்பட்ட கனி அது. அதைத் தானே உண்ணாமல் புலவருக்கு அளித்தான் அஞ்சி. அதன் சிறப்பை வெளியில் சொல்லாமலே அளித்தான் என்பதைத்தான் ஔவையார் வியக்கிறார். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்க வேண்டும் என்று கற்ற நமக்கு, அந்த வியப்பின் காரணம் எளிதில் விளங்கும்.

காஞ்சியை ஆண்ட தொண்டைமானிடம் அஞ்சியின் தூதராகவும் ஔவையார் சென்றார். தொண்டைமானின் படைக்கருவிகள் எண்ணெய் பூசி, பீலி சூட்டி, காவல் மிக்க இடத்தில் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றைப் புகழ்வது போலத் தொடங்கிய ஔவையார், தம் அரசனின் கருவிகளோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். போர்ப் பழக்கம் உள்ளவன் யார் என்பதைக் கடுஞ்சொல் ஒன்றும் இல்லாமல் உணர்த்திவிட்டார்.

அஞ்சியின் முன்னோர் கரும்பை வேறிடத்திலிருந்து இந்நாட்டுக்குக் கொண்டுவந்தனர் என்றும் அவர் பாடுகிறார். பாலக்கோட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்த மாவட்டம் இது. கரும்பின் பழைய பெருமையை நம் உழவர்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

ஆனால் இங்கே ஒரு தடை எழுகிறது. ஔவையார் அரசனின் அன்புக்குரியவர், அவனிடம் பரிசு பெற்றவர். நெருக்கமானவரின் புகழ்ச்சியை மட்டும் வைத்து ஒரு நகரின் வரலாற்றை எழுதிவிட முடியுமா?

இரண்டாம் சாட்சி: எதிரணிப் புலவர்கள்

அஞ்சியின் தகடூரைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை முற்றுகையிட்டு வென்றான். ‘தகடூர் எறிந்த’ என்பது அவன் பெயருக்கு முன் நிலைத்த அடைமொழி ஆயிற்று. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அவனைப் பாடியவர் அரிசில்கிழார். ஒரு நகரை வென்றதே ஒரு பேரரசனின் அடையாளமாயிற்று என்றால், அந்த நகரின் அரண் எளியதாக இருந்திருக்க முடியாது. தகடூரின் வலிமைக்குப் பகைவரின் பெருமிதமே சான்றாகிறது.

இதே சேரனைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. வழிநடந்து களைத்த மோசிகீரனார் என்னும் புலவர், அரசனின் முரசு வைக்கும் கட்டில் என்று அறியாமல் அதில் படுத்து உறங்கிவிட்டார். அந்தக் குற்றத்திற்கு அக்காலத்தில் தண்டனை கடுமையானது. சேரனோ அவரைத் தண்டிக்காமல், விழிக்கும்வரை கவரி கொண்டு வீசினான். ஆகவே தகடூர்ப் போரை நல்லவன், கெட்டவன் என்ற இருவருக்கிடையே நடந்ததாகக் கொள்வது பொருந்தாது. இரு பக்கத்திலும் மதிக்கத்தக்க மனிதர்கள் இருந்தனர். பழைய அரசர்களைக் கறுப்பு, வெள்ளை என்று பிரித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இக்காலத்தில் இது நினைவில் இருக்க வேண்டும்.

இப்போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்ற தனி நூலே இருந்தது. இன்று அது முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு போன்ற தொகுப்புகளிலும் பழைய உரைகளிலும் எடுத்தாளப்பட்ட சில பாடல்களே எஞ்சியுள்ளன. ஏடுகளைப் படியெடுக்கும் சங்கிலி ஓரிடத்தில் அறுந்தது. அத்துடன் ஒரு நகரின் பெரும்பகுதி நினைவும் போயிற்று.

மூன்றாம் சாட்சி: கல்

பாடல்களுக்கு வெளியே தனிச் சான்று ஏதும் உண்டா? உண்டு. அது இரண்டு இடங்களிலிருந்து வந்தது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மௌரியப் பேரரசர் அசோகர், தம் ஆட்சி எல்லைக்கு அப்பாலுள்ள நாடுகளிலும் மனிதருக்கும் கால்நடைகளுக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததாகப் பாறையில் பொறித்துள்ளார். அங்கே சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்றொரு பெயரும் வருகிறது. அசோகரின் எழுத்துகளை ஜேம்ஸ் பிரின்செப் 1837ஆம் ஆண்டளவில் படித்தறிந்த பிறகு, இந்தச் சத்தியபுத்திரர் யார் என்ற கேள்வி அறிஞர்களை வாட்டியது. துளு நாட்டார் என்றனர் சிலர். காஞ்சிப் பகுதியினர் என்றனர் சிலர். அதியமான் மரபினராக இருக்கலாம் என்று கருதியவர்களும் இருந்தனர். முடிவு காண ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று.

1981இல் திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள ஜம்பை என்னும் ஊரில், ஒரு குகையில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் கண்டறியப்பட்டன. ஒரேயொரு வரிதான். துறவிகளுக்கு அந்த உறைவிடத்தை அளித்தவன் சத்தியபுத்திரனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி என்பது அதன் பொருள். பெரும்பாலான ஆய்வாளர்களின் ஏற்பைப் பெற்ற அந்த வரி அசோகரின் கல்லையும் ஔவையாரின் பாடலையும் ஒன்றாக இணைத்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அஞ்சி கோவலூரை வென்றான் என்றும், அந்த வெற்றியைப் பரணர் பாடினார் என்றும் ஔவையார் குறிப்பிடுகிறார். கோவலூர் என்பது இன்றைய திருக்கோவிலூர். தகடூர் மன்னனின் பெயர் பொறித்த கல் அதன் அருகிலேயே கிடைத்தது. புலவர் சொன்ன வழியும் கல் சொன்ன வழியும் வெவ்வேறு. ஏட்டைப் படியெடுத்தவர்கள் ஜம்பைக் குகையை அறியார்கள், குகையில் எழுத்து வெட்டியவர் புறநானூற்றைத் தொகுத்தவரல்லர். ஆயினும் இரண்டும் ஒரே மனிதனிடம் வந்து சேர்கின்றன. தொடர்பற்ற இரு சாட்சிகள் ஒத்துப்போவதன் வலிமை இதுதான்.

எளியோரின் சாட்சி

புலவரும் அரசனும் மட்டுமே ஒரு நகரைச் சுற்றியுள்ள நாட்டை ஆக்கிவிடுவதில்லை. பல்லவர் காலம் தொட்டுத் தருமபுரி, செங்கம் பகுதிகளில் நூற்றுக்கணக்கான நடுகற்கள் எழுந்தன. ஆநிரையைப் பகைவர் கவர்ந்தபோது அதை மீட்கப் போராடி இறந்தவர்களுக்கு ஊரார் நட்ட கற்கள் அவை. இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊரில், தொறு மீட்டு இறந்தவன் இன்னான் என்று வட்டெழுத்தில் எழுதினர். தொறு என்றால் கால்நடை மந்தை. செங்கம் பகுதியில் எடத்தனூரிலுள்ள நடுகல்லில், தலைவன் இறந்தபின் கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரும் இருக்கிறது. அரண்மனையில் எழுதப்படாத பெயர்களை மேய்ச்சல் நிலத்துக் கற்கள் காத்தன.

அதன் பின் நுளம்பர், சோழர், போசளர், விசயநகரத்தார் என ஆட்சிகள் மாறின. ஏறத்தாழ கி.பி. 1200இல், விடுகாதழகிய பெருமாள் என்ற தகடூர்த் தலைவர், போளூரை அடுத்த திருமலையில் பழுதுபட்ட இயக்கர் உருவங்களைச் செப்பனிட்டார். அவை தம் முன்னோனாகிய எழினி அமைத்தவை என்று அங்கே கல்வெட்டில் பொறித்தார். அஞ்சிக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அதியமான் மரபு தன்னை நினைவில் வைத்திருந்தது. இன்று அந்த மரபின் பெயர் தருமபுரிக்குத் தெற்கே அதியமான்கோட்டை என்னும் ஊரின் பெயராக வாழ்கிறது.

நம் வீடுகளுக்கு இதில் என்ன?

தருமபுரி முஸ்லிம்களின் வரலாறு என்றவுடன், பேச்சு நேராக ஹைதர் அலீ, திப்பு சுல்தான் காலத்திற்குச் சென்றுவிடுகிறது. பாராமகால் என்றழைக்கப்பட்ட இந்நிலப்பரப்பு மைசூரின் கீழ் இருந்ததும், 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயர் வசமானதும், அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலவரி முறையை வகுத்ததும் முக்கியமானவையே. ஆனால் அவை இந்நகரின் பிற்பகுதி. அதற்கு முந்திய காலம் வேறு யாருடையதோ என்ற எண்ணம் பிள்ளைகளின் மனத்தில் படிந்தால், தாம் பிறந்த மண்ணில் அவர்கள் தம்மை விருந்தாளிகளாகக் கருதத் தொடங்குவார்கள். நாம் பேசும் தமிழ் ஔவையார் பேசிய தமிழின் தொடர்ச்சி. நாம் உழும் நிலமும் குடிக்கும் நீரும் அந்தத் தகடூர் நாட்டினுடையவை. அஞ்சியின் கொள்கையை நாம் ஏற்க வேண்டியதில்லை. அவனுடைய கொடையை மதிக்கவும், அவன் ஊரை நம் ஊர் என்று சொல்லவும் நமக்கு முழு உரிமை உண்டு.

உரிமை இருக்கும் இடத்தில் கடமையும் உண்டு. வயலில் ஏர் ஓட்டும்போதோ, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ எழுத்துள்ள கல்லோ உருவம் செதுக்கிய கல்லோ தென்பட்டால், அதைத் துணி துவைக்கும் கல்லாகவும் படிக்கட்டாகவும் ஆக்கிவிட வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்தால் தொல்லியல் துறைக்குச் செய்தி சேரும். பிள்ளைகளைத் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள நடுகற்களைக் காட்டுங்கள்.

அடுத்த கடமை நம் ஜமாஅத்துகளைச் சார்ந்தது. பழைய பள்ளிவாசல்களின் கணக்கேடுகள், வக்ஃபு பத்திரங்கள், நிக்காஹ் பதிவேடுகள், பாரசீகத்திலோ உருதுவிலோ அரபுத் தமிழிலோ எழுதப்பட்ட வீட்டுக் காகிதங்கள் ஆகியவை கரையானுக்கு இரையாகும் முன் படமெடுத்து வைக்கப்பட வேண்டும். எண்பது வயதைக் கடந்த பெரியவர்கள் சொல்வதை, சொன்னவர் பெயரோடும், அவர் யாரிடம் கேட்டார் என்பதோடும், நாளோடும் எழுதி வைக்க வேண்டும். இஸ்னாத் கற்ற மாணவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். இந்தப் பணிக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?

அஞ்சியின் கோட்டை இன்று இல்லை. ஒரு புலவரின் பாடல்களும் ஒரு குகையின் ஒற்றை வரியும் அவனை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தன. தகடூர் யாத்திரையைப் படியெடுக்க ஆளில்லாமல் போனதால் அது நம்மை வந்தடையவில்லை. நம் ஜமாஅத்துகளின் ஏடுகள் இவற்றில் எந்த வழியில் செல்லும் என்பது இந்தத் தலைமுறையின் கையில் இருக்கிறது. இந்த ரமளானுக்கு முன், உங்கள் பள்ளிவாசலின் பழைய பெட்டியைத் திறந்து பார்க்க நிர்வாகிகளிடம் கேளுங்கள். அல்லாஹ் அந்த முயற்சியில் பரக்கத் செய்வானாக.