எலக்ட்ரிக் காரில் 'டொக் டொக்' சத்தமா? ஷாக் அப்சார்பரை மாற்றும் முன் இதைக் கவனிங்க!

எலக்ட்ரிக் கார் வாங்கியவர்கள் முதல் மாதம் சொல்வது: "வண்டி ஓடுறதே தெரியல." அதே ஆட்கள் ஒன்றரை வருஷம் கழித்துச் சொல்வது: "முன்னாடி இடது பக்கம் டொக் டொக்குன்னு ஏதோ கேக்குது." சர்வீஸ் சென்டருக்குப் போனால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான். "இ.வி.ன்னா அப்படித்தான் சார், என்ஜின் சத்தம் இல்லல்ல, அதான் கேக்குது." அல்லது, "ஷாக் அப்சார்பர் போச்சு சார், ரெண்டையும் மாத்திடலாம்."

இரண்டுமே சில நேரம் உண்மைதான். ஆனால் ஆட்டம் கண்ட ஒரு சின்ன லிங்க் ராடும், சக்கரத்தையே பிடித்து நிற்கும் பால் ஜாயின்ட்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் 'டொக்' என்கும். முதலாவதோடு ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். இரண்டாவதோடு தெருமுனைகூடத் தாண்டக் கூடாது. இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? சத்தம் எப்படி இருக்கிறது, எந்தப் பக்கம் கேட்கிறது என்பதைவிட, எப்போது வருகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது.

இ.வி.யில் மட்டும் ஏன் இவ்வளவு கேட்கிறது?

பெட்ரோல், டீசல் காரில் என்ஜின் சத்தம் ஒரு போர்வை மாதிரி. கீழே இருந்து வரும் சின்னச் சின்ன சத்தங்களை மூடிவிடும். இ.வி.யில் அந்தப் போர்வை இல்லை. அதனால் 'இ.வி.ன்னா அப்படித்தான்' என்பதில் பாதி நியாயம் இருக்கிறது.

மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. தரைக்கு அடியில் பேட்டரி இருப்பதால், அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட இ.வி. பெரும்பாலும் 150 கிலோவிலிருந்து 350 கிலோ வரை எடை கூடுதல். வீட்டில் இருப்பவர்களில் மூன்று நான்கு பேரை எப்போதும் ஏற்றிக்கொண்டே சுற்றுவது போல. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த எடை ரப்பர் புஷ்கள் மீதும் பால் ஜாயின்ட்கள் மீதும் இறங்குகிறது. எடையைத் தாங்க ஸ்பிரிங்கை இறுக்கமாகவும், டயர் காற்றழுத்தத்தை அதிகமாகவும் வைப்பதால் அடியும் கொஞ்சம் கூர்மையாகவே உள்ளே வரும்.

இன்னொன்று ரீஜென் பிரேக்கிங். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சக்கரம் முன்னால் இழுக்கிறது. காலை எடுத்த உடனே மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பின்னால் இழுக்கிறது. சிட்டி டிராஃபிக்கில் இது ஒரு நாளைக்குப் பல நூறு தடவை நடக்கும். மோட்டார் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ், ஆக்ஸில் எல்லாம் ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளப்படுகின்றன. புஷ் நைந்துபோனால் முதலில் அங்கேதான் 'டொக்'.

முதலில் பூட்டைத் திறங்க

சிரிக்காதீங்க, பாதி சத்தம் இங்கேயே முடியலாம். சார்ஜிங் கேபிள், டூல் கிட், ஜாக்கி, சரியாக இறுக்காத ஸ்டெப்னி, தண்ணி பாட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, அதே ரோட்டில் ஒரு முறை ஓட்டிப் பாருங்க. பின் சீட்டில் ஆள் இல்லாதபோது சீட் பெல்ட் பக்கிள் பிளாஸ்டிக்கில் தட்டுவதும் அச்சு அசல் சஸ்பென்ஷன் சத்தம் போலவே கேட்கும்.

சஸ்பென்ஷனுக்குச் சம்பந்தமே இல்லாத, இயல்பான சத்தங்களும் உண்டு. வண்டியை ஆன் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் சீட்டுக்கு அடியில் 'டக்' என்று கேட்டால், அது பேட்டரியை இணைக்கும், துண்டிக்கும் கான்டாக்டர்களின் சத்தம். கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் ஒரே ஒரு முறை முன்னால் 'டுர்ர்' என்றால், பல கார்களில் அது ஏ.பி.எஸ். தன்னைத்தானே சோதித்துக்கொள்வது.

சத்தம் எப்போது வருகிறது?

ஒரு நல்ல வேகத்தடையைத் தேடுங்க. ரோட்டின் முழு அகலத்துக்கும் போட்டிருக்க வேண்டும். இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்படி நேராக, மெதுவாக ஏற்றி இறக்குங்க. பிறகு ஒரு சக்கரம் மட்டும் இறங்கும் பள்ளம் ஒன்றில் அதே வேகத்தில் போங்க. சென்னை உட்புறச் சாலைகளில் மழைக்காலம் முடிந்த கையோடு இதற்கு அலைய வேண்டியதே இல்லை.

வேகத்தடையில் சத்தம் இல்லை, ஒரு சக்கரப் பள்ளத்தில் மட்டும் 'லொட லொட' என்றால் சந்தேகப்பட வேண்டியது ஸ்டேபிலைசர் லிங்க் ராடு, அல்லது அந்த பாரைப் பிடித்திருக்கும் புஷ். காரணம் எளிது. இடது, வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பிதான் ஸ்டேபிலைசர் பார். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் அது அப்படியே சுழன்றுவிடும், முறுக்கு விழாது. ஒன்று மட்டும் இறங்கும்போதுதான் லிங்க் ராடுக்கு வேலை. முன்பக்கச் சத்தங்களில் அடிக்கடி மாட்டும் குற்றவாளி இவர்தான். விலையிலும் ஷாக் அப்சார்பரைவிட மிகக் குறைவு. ஆகவே "ஷாக் மாத்திடலாம்" என்று சொன்னால், "லிங்க் ராடு பார்த்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்க.

இதில் மெக்கானிக்குகளே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால் அந்த பார் முறுக்கிக்கொண்டு லிங்க் ராடை இறுக்கிப் பிடிக்கும். கையால் ஆட்டினால் ஆடாது. "லிங்க் ராடு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். சக்கரம் தரையில் இருக்கும்போது, அல்லது இரண்டு பக்கமும் சமமாகத் தூக்கியபின் ஆட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டு சக்கரமும் சேர்ந்து இறங்கும்போதும் சத்தம் வருகிறதா? அப்போது ஷாக் அப்சார்பர், அதன் மேல் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ் பக்கம் பார்க்கணும். ஷாக் மேல் லேசான எண்ணெய்ப் பிசுபிசுப்பு மட்டும் இருந்தால் உடனே தீர்ப்பு சொல்லத் தேவையில்லை. எண்ணெய் வழிந்து சொட்டியிருந்தால், அல்லது பள்ளத்தைத் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை குதித்தால், அதன் காலம் முடிந்தது.

வண்டி நிற்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் 'டொங்' என்று ஸ்பிரிங் விடுபடுவது போலக் கேட்டால், ஷாக்கின் மேலே இருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங். இதைக் கண்டுபிடிக்க ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் வெளியே நின்று காதைக் கொடுத்தால் போதும்.

பள்ளத்தில் தட்டும் சத்தம், பிரேக்கை லேசாகத் தொட்டபடி அதே பள்ளத்தில் இறங்கினால் நின்றுவிடுகிறதா? சஸ்பென்ஷனை விட்டுவிடுங்க, அது பிரேக் பேடோ காலிப்பரோ. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை ரீஜென் பார்த்துக்கொள்வதால் இ.வி.யில் பேடுகள் தேயாமல் அப்படியே இருக்கும். தேயாதது லாபம்தான். ஆனால் அதிகம் வேலை இல்லாத காலிப்பர் பின்கள் துரு ஏறி இறுகலாம், பேடுகள் தம் இடத்தில் தளர்ந்து ஆடலாம்.

கடைசியாக, ஆக்சிலரேட்டரில் கால் வைக்கும்போதும் எடுக்கும்போதும், அல்லது டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் வரும் ஒற்றை 'டொக்'. உங்கள் காரில் ரீஜென் அளவைக் குறைக்கும் வசதி இருந்தால் மிகக் குறைவாக வைத்து அதே ரோட்டில் ஓட்டுங்க. சத்தம் காணாமல் போனாலோ, நன்றாகக் குறைந்தாலோ மோட்டார் மவுண்ட், ஆக்ஸில், லோயர் ஆர்மின் பின் புஷ் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லலாம். பெட்ரோல் காரில் பழகிய மெக்கானிக்குக்கு இந்தச் சோதனை தோன்றாமலே போகலாம். ரீஜென் அங்கே இல்லையே!

கிரீச் சத்தம் தனி ரகம். காய்ந்த ரப்பர் புஷ், தண்ணீர் புகுந்த பால் ஜாயின்ட் இரண்டும் கிரீச்சிடும். ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் தனித்தனியாக அடித்து, ஒவ்வொரு முறையும் வண்டியின் மூலையை அழுத்திப் பாருங்க. எதை நனைத்ததும் சத்தம் மாறுகிறதோ அதுதான். அங்கே என்ஜின் ஆயிலோ கிரீஸோ தடவக் கூடாது, ரப்பர் ஊதிப் பாழாகும்.

மொபைலை வேலை வாங்குங்க

சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டதும் சத்தம் மாயமாகிவிடுவது எல்லோருக்கும் தெரிந்த மர்மம். அதனால் ஆதாரத்தோடு போங்க. கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரு நீளமான காம்பவுண்ட் சுவரை ஒட்டி 10, 15 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பித் தெளிவாகக் கேட்கும். ஓட்டுபவர் ஓட்டட்டும், பக்கத்தில் இருப்பவர் வீடியோ எடுக்கட்டும். ஓட்டிக்கொண்டே மொபைலைப் பிடிக்க வேண்டாம்.

சஸ்பென்ஷனின் இரும்பு பாகங்கள் வழியாகச் சத்தம் பயணம் செய்யும் என்பதால், இடது பக்கம் கேட்பது வலது பக்கத்தில் பிறந்ததாகவும் இருக்கலாம். 'எங்கே' என்பதை ரொம்ப நம்ப வேண்டாம் என்று மேலே சொன்னது அதற்காகத்தான்.

வீட்டிலேயே தூக்கிப் பார்க்க நினைப்பவர்களுக்குக் கண்டிப்பான ஒரு வார்த்தை. பேட்டரிக்கு அடியில் ஜாக்கி வைக்கவே கூடாது. கதவுகளுக்குக் கீழே கம்பெனி குறித்திருக்கும் இடங்களில் மட்டும்தான். பஞ்சர் கடையிலும் இதை நின்று சொல்லுங்க, அவர்கள் பழக்கத்தில் நடுவில் வைத்துவிடுவார்கள். ஆரஞ்சு நிற வயர்கள் உயர் மின்னழுத்தம், பல கார்களில் 300 வோல்ட்டுக்கு மேல். தொடாதீங்க. ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் தலையை விடாதீங்க.

எப்போது வண்டியை அப்படியே நிறுத்தணும்?

சத்தத்தோடு ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தால், நேராகப் போகும்போதும் ஸ்டீயரிங் கோணலாக நின்றால், ஒரு சக்கரம் சாய்ந்தது போலத் தெரிந்தால், வேகம் கூடக் கூட 'டக் டக் டக்' என்று சக்கரத்தின் சுழற்சியோடு சேர்ந்து வந்தால், அதற்குமேல் ஓட்ட வேண்டாம். பால் ஜாயின்ட் முழுதாக விட்டுவிட்டால் சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கிவிடும், ஸ்டீயரிங் உங்கள் பேச்சைக் கேட்காது.

சுழற்சியோடு வரும் சத்தத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது வீல் நட். சமீபத்தில் டயர் ரொட்டேஷனோ பஞ்சரோ போட்டிருந்தால் இன்னும் அவசியம். இது சின்ன விஷயமே இல்லை. 2022 ஜூனில் டொயோட்டா தன் பிஇசட்4எக்ஸ் எலக்ட்ரிக் காரில் சுமார் 2,700 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஓட ஓட ஹப் போல்ட்டுகள் தளர்ந்து, சக்கரமே கழன்றுவிடலாம் என்பதுதான் காரணம். விற்பனைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத கார் அது! அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் டெஸ்லாவும் முன் சஸ்பென்ஷனின் ஒரு லிங்க்கை இறுக்கும் போல்ட்டுகள் தளரலாம் என்று மாடல் 3 கார்களில் ஒரு பகுதியைத் திரும்ப அழைத்தது. ஆகவே 'புது வண்டிதானே' என்று சத்தத்தை ஒதுக்க முடியாது. உங்கள் சேஸிஸ் நம்பருக்கு ரீகால் ஏதும் இருக்கிறதா என்று கம்பெனியிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பெரிய வேகத்தடையில் அடிவயிறு உரசிய பிறகு சத்தம் தொடங்கியிருந்தால், கிழிந்த பிளாஸ்டிக் கவர் தொங்குவதாகவே இருக்கலாம். இருந்தாலும் பேட்டரியின் அடித்தகட்டில் ஒடுக்கு விழுந்திருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் சார்ஜ் போட வேண்டாம்.

நின்ற இடத்திலிருந்து எடுத்துப்போக, நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃபிளாட்பெட் லாரியை மட்டும் கூப்பிடுங்க. மோட்டாரோடு இணைந்த சக்கரம் ரோட்டில் உருண்டால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும், பழுது பெரிதாகிவிடும்.

சர்வீஸ் சென்டரில் என்ன கேட்கணும்?

ஜாப் கார்டில் வெறும் 'சஸ்பென்ஷன் சத்தம்' என்று எழுத விடாதீங்க. 'இடது முன்சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது, 20 கி.மீ. வேகத்தில், பிரேக் பிடித்தாலும் நிற்கவில்லை' என்று எழுதச் சொல்லுங்க. மெக்கானிக்கோடு சேர்ந்து ஒரு டெஸ்ட் டிரைவ் போங்க. 'சத்தம் எதுவும் இல்லை' என்று திருப்பிக் கொடுத்தால் அதையும் ஜாப் கார்டில் தேதியோடு வாங்கி வைங்க. வாரன்டி முடிந்த பிறகு அதே பாகம் போனால் அந்தத் தாள்தான் உங்கள் பக்கம் பேசும். பேட்டரிக்கு 8 வருஷ வாரன்டி என்று விளம்பரத்தில் வருவது சஸ்பென்ஷனுக்குப் பொருந்தாது. ரப்பர் புஷ்களைத் தேயும் பொருள் என்று ஒதுக்கும் விதிமுறையும் இருக்கலாம். வாரன்டி புத்தகத்தில் அந்தப் பக்கத்தை இப்பவே ஒரு முறை படிச்சிடுங்க.

லோயர் ஆர்மோ புஷ்ஷோ மாற்றினால் ஒரு விஷயம் கேட்டே ஆகணும். அந்த போல்ட்டுகளின் கடைசி இறுக்கம், வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும் நிலையில் நடக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் புது ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதங்களில் கிழிந்து பழைய சத்தம் திரும்பி வரும். அதோடு வீல் அலைன்மென்டும் பார்க்கச் சொல்லுங்க, இல்லாவிட்டால் இ.வி. எடைக்கு டயரின் ஒரு ஓரம் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

வண்டியை எடுத்ததும் நேரா வீட்டுக்குப் போகாதீங்க. அதே பள்ளம், அதே சுவர், அதே வேகம். பழைய வீடியோவுக்குப் பக்கத்தில் புதுசாக ஒன்று எடுத்து, இரண்டையும் கேட்டுப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கட்டுங்க.