கல்லான மரமும் அய்யனார் தோப்பும்



நம் வில்லியனூரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற சங்கராபரணி ஆற்றின் மேல்கைப் பக்கம் திருவக்கரை இருக்கிறது. பௌர்ணமிக்கு வக்ரகாளியம்மனைக் கும்பிடப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். பக்கத்திலேயே உள்ள கல்மரப் பூங்காவை எத்தனை பேர் பார்த்தீர்கள்? பார்வைக்கு மரம், தட்டினால் கல். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தவை. வேரும் கிளையும் இல்லாமல் கிடப்பதே அதற்குச் சாட்சி. சொன்னேரா என்கிற ஐரோப்பியர் 1781இலேயே இவற்றைப் பற்றி எழுதினார்.

அவற்றில் குங்கிலியக் குடும்பத்து மரங்களும் உண்டு. அந்தக் குடும்பத்தின் பெருமரங்களை இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் பார்க்கலாம். ஆக, அன்று இந்தப் பக்கம் மழை அதிகம். பிறகு தட்பவெப்பம் மாறிற்று. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டு, தை பிறந்தால் மாதக் கணக்கில் காய்கிற சீமையாக ஆனது. இதைத் தாங்கிய மரங்களே நின்றன: காசான், வீரை, உலக்கைப் பாலை.

தேக்கு கோடையில் இலையை உதிர்த்துத் தண்ணீரை மிச்சம் பிடிக்கும். வீரை அப்படியில்லை. இலை தடிப்பு, மேலே மெழுகு பூசினாற்போல் இருக்கும். தண்ணீர் லேசில் போகாது. கோடையில் ஒரு தூறல் விழுந்தாலும் உடனே பயன்படுத்திக்கொள்ளும். உலர் பசுமைமாறாக் காடு என்று இதற்குப் பெயர்.

மல்லாட்டையும் முந்திரியும் தென்னமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவை. அவற்றால் பிழைக்கிறோம், குறை சொல்லவில்லை. ஆனால் கழனிக்கும் விறகுக்குமாகக் காடு போய், இன்று கோயில் தோப்புகளில்தான் மிச்சம். கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலில் போய்ப் பாருங்கள்.

வேலைக்கு வந்த புதிதில் ஓர் ஊரில், "இந்தப் புதரை அழிச்சுட்டுத் தைலமரம் வையுங்க" என்று நானே சொன்னேன். ஒரு பெரியவர், "சார், இது அய்யனார் எடம். காஞ்ச சுள்ளிகூட எடுக்க மாட்டோம்" என்றார். படித்த திமிரில் சிரித்தேன். நான் புதர் என்றது காசான்! அந்த ஊரில் அதற்கு வேறு தாய்மரம் கிடையாது. நல்லவேளை, யாரும் என் பேச்சைக் கேட்கவில்லை.

நாவல் விதையை நெல் மாதிரி சேமித்து வைக்க முடியாது. காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். ஆனி, ஆடியில் பழம் உதிரும்போது பொறுக்கி, சதையைக் கழுவி, அந்த வாரமே பையில் ஊன்றுங்கள். ஒரே கொட்டையில் இரண்டு மூன்று கன்று கிளம்பினால் திகைக்க வேண்டாம், நாவலுக்கு அது வழக்கந்தான்.