கார்டிஃப்: கரி ஏத்தினவர்களின் கரை

வேல்ஸின் தலைநகரான கார்டிஃபுக்குச் சுற்றுலா போற ஆக்கள் கோட்டையைப் பார்த்த கையோட இறங்கிப் போற இடம் 'கார்டிஃப் பே'. தண்ணிக்கரையோரமா உணவகங்கள், படகுச் சவாரி, 2004இல் திறந்த மில்லேனியம் சென்ரர், 2006இல் திறந்த வேல்ஸ் பாராளுமன்றக் கட்டடம். படம் எடுக்க நல்ல இடம்தான். ஆனால் அந்தக் கரையை உண்டாக்கின ஆக்களைத் தெரியாமல் திரும்பினால், நாங்கள் பாதி நகரத்தைத்தான் பார்த்திருப்பம்.

முன்னால தெரியிற ஏரியே புதுசு. கடல் வத்தேக்க சேறாகக் கிடந்த குடாவை 1999இல் அணை கட்டி மறித்து நன்னீர் ஏரியாக்கினார்கள். கரையில் இருக்கிற ரோல்ட் டால் சதுக்கம், 1839இல் திறந்த கப்பல்துறையின் வாசல் பக்கம். வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் வெட்டின நிலக்கரி இந்தத் துறைகளால்தான் உலகத்துக்குப் போனது. 1913இல் மட்டும் 1 கோடி தொன்னுக்கு மேல.

நீராவிக் கப்பல்களின் அடுப்புக்குக் கரி அள்ளிப்போட ஆள் தேவைப்பட்டது. சோமாலியா, யேமன், மேற்காபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் எண்டு பல இடங்களில இருந்து மாலுமிகள் வந்தார்கள். துறைமுகத்தை அண்டின பியூட் வீதியைச் சுற்றிக் குடியேறினார்கள். பலர் உள்ளூர்ப் பெண்களைக் கலியாணம் கட்டிப் பிள்ளைகுட்டியோட வாழ்ந்தார்கள். 'ரைகர் பே' எண்டு பெயரெடுத்த இடம் இதுதான். பாடகி ஷேர்லி பாசி 1937இல் பிறந்ததும் இங்கதான்.

வேலை இருக்கும்வரை இவர்கள் வேணும். முதலாம் உலகப்போர் முடிஞ்சு வேலைக்குப் போட்டி வந்ததும் பழி இவர்கள் தலையில விழுந்தது. 1919 ஜூனில் வெள்ளையினக் கும்பல்கள் இவர்களின் வீடுகளையும் தங்குவிடுதிகளையும் தாக்கின. மூன்று பேர் செத்தார்கள். 1925இல் வந்த ஓர் அரச ஆணையின் கீழ், பிரித்தானியப் பிரஜை எண்டு நிரூபிக்கப் பத்திரம் இல்லாத கறுப்பின, அரபு மாலுமிகள் 'அந்நியர்' எண்டு பதியப்பட்டார்கள். கப்பலில கரி போட்ட கைக்குக் காகிதம் கேட்டார்கள்.

1952இல் மஹ்மூத் மத்தான் என்ற சோமாலிய மாலுமியைச் செய்யாத கொலைக்காகக் கார்டிஃப் சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்தத் தீர்ப்பு பிழையெண்டு 1998இல்தான் நீதிமன்றம் ரத்துச் செய்தது. பொலிஸ் மன்னிப்புக் கேட்க 2022 ஆனது.

1960களில் பழைய வீடுகளில் பெரும்பாலானவற்றை இடித்து அடுக்குமாடிகள் கட்டினார்கள். தெருக்களோட அயலும் கலைஞ்சு போச்சு. பிறகுதான் சுற்றுலாக் கரை வந்தது.

கார்டிஃப் போனால் நகர மையத்தில் இருந்து கரைக்கு பஸ் எடுக்காதேங்கோ. பியூட் வீதியால நடவுங்கோ, ஏறத்தாழ ஒரு மைல்தான். அந்த மாலுமிகளின் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்தப் பகுதியில் இருக்கினம். ஏரியைப் பார்க்கமுதல் அந்தத் தெருவைப் பார்த்தால், கரையில நிக்கேக்க என்ன பார்க்கிறம் எண்டு எங்களுக்கு விளங்கும்.