மூன்றாவது அளவு: விண்மீன்களின் ஆழத்தைத் தேடிய வரலாறு

பள்ளிப் பாடநூல்களில் சூரியக் குடும்பத்தின் படம் எப்போதும் தட்டையாகவே இருக்கும். நடுவில் சூரியன்; அதைச் சுற்றித் தாம்பாளத்தில் வரைந்த வளையங்களைப் போலக் கோள்களின் பாதைகள். அந்தப் படத்தில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. கோள்கள் உண்மையிலேயே ஏறக்குறைய ஒரே தளத்தில்தான் சுழல்கின்றன. நிலவும் அத்தளத்திலிருந்து சுமார் 5 பாகையே விலகுகிறது. (பிறை பார்ப்பதில் ஆண்டுதோறும் எழும் சர்ச்சைகளில் இந்த 5 பாகைக்கும் ஒரு பங்குண்டு. நிலவு அத்தளத்திற்கு வடக்கே இருக்கிறதா, தெற்கே இருக்கிறதா என்பதைப் பொறுத்தும் பிறையின் உயரம் மாறுபடும். ஆனால் அது தனிக் கட்டுரைக்குரியது.) அந்தத் தாம்பாளத்திற்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்பதே இங்கு நம் கேள்வி. இக்கேள்வியோடு நம் முன்னோர் பல நூற்றாண்டுகள் போராடினார்கள்.

அரபு வானியலார் ஒரு விண்மீனின் இடத்தை இரண்டு சொற்களால் குறித்தனர். சூரியன் செல்லும் பாதையின் வழியே அளப்பது 'தூல்', அதாவது நீளம். அப்பாதையிலிருந்து வடக்கேயோ தெற்கேயோ விலகியிருக்கும் அளவு 'அர்ளு', அதாவது அகலம். மூன்றாவதாகிய 'புஃது', அதாவது தொலைவு, விண்மீன்களைப் பொறுத்தவரை எல்லாவற்றிற்கும் ஒன்றே என எண்ணப்பட்டது. நிலைவிண்மீன்கள் அனைத்தும் சனிக்கோளின் கோளத்தை அடுத்துள்ள எட்டாவது கோளத்தில் பதிக்கப்பட்டவை என்பது பத்லமியூஸ் என்னும் தாலமியின் வழிவந்த கொள்கை.

ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அல்ஃபர்ஃகானீ அக்கோளத்தின் தொலைவைக் கணக்கிட்டே எழுதினார்: பூமியின் ஆரத்தைப் போல 20,110 மடங்கு; மைல் கணக்கில் 6 கோடியே 53 இலட்சத்து 57 ஆயிரத்து 500. அரபு மைல் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் என்பதால் இது சுமார் 13 கோடி கிலோமீட்டர் ஆகும். இன்று நாம் அறிந்துள்ள சூரியனின் தொலைவோ சுமார் 15 கோடி கிலோமீட்டர். அதாவது அவர் அளந்த பேரண்டம் முழுவதும் பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலேயே அடங்கிவிடும்! அக்காலக் கருவிகளைக் கொண்டு பார்த்தால் இது இகழத்தக்க பிழையன்று. ஆயினும் பிழை பிழைதான். நம் கைப்பேசிகளில் நாள்தோறும் வந்து விழும் 'முஸ்லிம்கள் அனைத்தையும் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்' என்ற செய்திகளில் இந்த எண் மட்டும் ஒருபோதும் இடம்பெறுவதில்லை.

இத்துறையில் நான் மிகவும் மதிப்பவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபீ. ஹிஜ்ரி 291இல் (கி.பி. 903) ரய் நகரில் பிறந்தவர், புவைஹீ மன்னர் அளுதுத் தவ்லாவின் ஆதரவில் வாழ்ந்தவர். கி.பி. 964 அளவில் அவர் எழுதிய 'ஸுவருல் கவாகிப்' என்னும் நூல் 48 விண்மீன் கூட்டங்களை விவரிக்கிறது. தாலமியின் பட்டியலில் உள்ள நீளங்களோடு 12 பாகை 42 கலையைக் கூட்டி, அவற்றைத் தம் காலத்துக்கு ஏற்ப மாற்றினார். அயனச் சலனத்தால் நீளமே மாறும் என்பதால் அகலங்களை அப்படியே விட்டுவிட்டார். ஒளியின் தரங்களையோ பழைய ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதாமல், ஒவ்வொரு விண்மீனையும் தாமே பார்த்து மறுமதிப்பீடு செய்தார். வானத்தைப் பாராமல், பிறர் செய்த வான்கோளங்களையும் ஏடுகளையும் மட்டுமே நம்பியோரை நூலின் முன்னுரையில் அவர் கண்டிக்கிறார்.

அந்நூலில் ஒவ்வொரு கூட்டத்திற்கும் இரண்டு படங்கள் உண்டு. ஒன்று, தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்குத் தெரியும் வடிவம். மற்றொன்று, வான்கோளத்தின் மீது வரையப்படும் வடிவம். வான்கோளம் என்பது வானத்தை வெளியிலிருந்து பார்ப்பது போன்றது. ஆகவே அதில் இடம் வலமாகும். மனிதன் ஒருபோதும் நிற்காத ஓர் இடத்திலிருந்து வானம் எவ்வாறு தோன்றும் என்பதையும் சேர்த்து வரைந்திருக்கிறார் அஸ்ஸூஃபீ. அத்தகைய கோளங்களைச் செய்யும் கலை பின்னர் இந்தியாவிலும் ஓங்கியது. உள்ளீடற்ற உலோகக் கோளத்தை ஒட்டே இல்லாமல் ஒரே வார்ப்பாக வார்க்கும் நுட்பத்தில், முகலாயர் காலத்து லாகூர்க் கைவினைஞர்கள் பெயர்பெற்று விளங்கினர்.

எனினும் கோளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஒரு தோல்தான். அதற்கு ஆழம் கிடையாது.

இங்குதான் இப்னு ஸீனாவின் சொல் ஒன்று நினைவுக்கு வருகிறது. நிலைவிண்மீன்கள் ஒரே கோளத்தில் உள்ளனவா, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பல கோளங்களில் உள்ளனவா என்பது தமக்குத் தெளிவாகவில்லை என்று அவர் எழுதினார். தத்துவவாதிகளோடு ஓயாது வாதிட்ட இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்) இந்த ஐயத்தைப் பற்றிக்கொண்டார். விண்மீன்கள் ஒன்றுபோல நகர்கின்றன என்பதனால் மட்டும் அவை ஒரே கோளத்தில் இருப்பதாகாது. ஒரே வேகமுடைய பல கோளங்கள் இருப்பதற்குத் தடை என்ன என்பது அவருடைய வாதம். இவ்வுலகுக்கு அப்பால் ஆயிரமாயிரம் உலகங்களைப் படைக்க அல்லாஹ் ஆற்றலுடையவன் என்றும் 'அல்மதாலிபுல் ஆலியா' நூலில் நிறுவினார். இதைத் தொலைநோக்கி கண்ட உண்மையின் முன்னறிவிப்பாகக் கொள்ளக் கூடாது. அவர் எதையும் அளக்கவில்லை. அளக்காதவர்கள் உறுதியாகப் பேசுவதைத் தடுத்தார், அவ்வளவே. என் பார்வையில் அது சிறிய காரியமன்று.

பால்வழியைப் பற்றியும் இதே போன்ற ஆய்வு நிகழ்ந்தது. அது வளிமண்டலத்தின் மேற்பகுதியில் தோன்றும் ஒரு நிகழ்வு என்றார் அரிஸ்டாட்டில். அவ்வாறாயின், பூமியில் வெவ்வேறு இடங்களிலிருந்து பார்க்கும்போது அது பின்னணி விண்மீன்களினின்று இடம் மாறித் தெரிய வேண்டும்; அப்படித் தெரியவில்லை, எனவே அது மிகத் தொலைவில் உள்ளது என்று வாதிட்டார் இப்னுல் ஹைஸம். எண்ணற்ற மங்கலான விண்மீன் துணுக்குகளின் திரளே அது என்றார் அல்பீரூனி.

மூன்றாவது அளவு உண்மையில் கைக்கு வந்தது 1838இல். ஜெர்மானியரான பெஸ்ஸல், ஆறு மாத இடைவெளியில் பூமி தன் பாதையின் இரு முனைகளிலும் இருக்கும்போது, '61 சிக்னி' என்னும் விண்மீன் இடம் மாறித் தோன்றும் அளவைக் கண்டறிந்தார். ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் அதில் ஒரு கூறின் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு அது! அவ்விண்மீனின் தொலைவு சுமார் 11 ஒளியாண்டுகள் என்பது இன்றைய கணக்கு. அது இருக்கும் கூட்டத்தை அரபு வானியலார் 'தஜாஜா', அதாவது கோழி, என்று அழைத்தனர்.

அன்று முதல் அந்தத் தோல் கிழிந்தது. சுரையாவையும் (கார்த்திகை) அதைப் பின்தொடர்வதால் 'தபரான்' எனப் பெயர் பெற்ற ரோகிணியையும் எடுத்துக்கொள்ளுங்கள். வானில் இரண்டும் அண்டை வீட்டாரைப் போலத் தெரிகின்றன. ஆனால் தபரான் சுமார் 65 ஒளியாண்டுத் தொலைவிலும், சுரையா சுமார் 440 ஒளியாண்டுத் தொலைவிலும் உள்ளன. தபரானைச் சூழ்ந்து நிற்பதாகத் தெரியும் சிறு விண்மீன் கொத்தும்கூட அதன் குடும்பமன்று; அக்கொத்து சுமார் 150 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. பெயர் சூட்டிய பாலைவன அரபிகள் கண்ட ஊர்வலம், நாம் நிற்கும் கோணத்தால் மட்டுமே ஊர்வலம்.

தாம்பாளமும் சாய்ந்தே இருக்கிறது. பால்வழி என்பது நம் விண்மீன் மண்டலத்தின் தளத்தை உள்ளிருந்து பார்க்கும் தோற்றம். நம் கோள்களின் தளம் அதற்குச் சுமார் 60 பாகை சாய்வாக நிற்கிறது. இரண்டு தளங்களும் ரிஷபத்துக்கும் மிதுனத்துக்கும் இடையிலும், நேர் எதிரே தனுசுவின் பக்கத்திலும் வெட்டிக்கொள்கின்றன. மண்டலத்தின் மையம் தனுசு இருக்கும் திசையில், சுமார் 26,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளது. நாம் மையத்தில் இல்லை என்பதை 1918 அளவில் ஷேப்லி எடுத்துக்காட்டினார். 2013இல் ஏவப்பட்ட கையா விண்கலம், ஏறத்தாழ 180 கோடி விண்மீன்களை உள்ளடக்கிய முப்பரிமாண வரைபடத்துக்கான அளவீடுகளைத் தந்துள்ளது.

அஸ்ஸூஃபீயின் நூலில் ஒரு மீன் உருவத்தின் வாயருகே சில புள்ளிகள் உண்டு. அதை அவர் முகில் போன்ற ஒரு கறை என்று பதிவு செய்தார். அதற்குமேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை. 1923இல் ஹப்பிள் அம்முகிலுக்குள் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டு, அதன் துணையால் தொலைவைக் கணித்தார். அந்தச் சிறு முகில் நம் மண்டலத்துக்கே வெளியே உள்ள மற்றொரு மண்டலம். இன்றைய கணக்கில் 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவு. அதை அஸ்ஸூஃபீ 'கண்டுபிடித்தார்' என்று முழங்குவோர் உண்டு. அவர் கண்டது முகிலை, எழுதியதும் முகிலை. தாம் காணாததை எழுதாத அந்த ஒழுக்கத்தினால்தான், ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் அவருடைய பக்கம் பயன்படுகிறது.

கோள்களின் தளத்தை விட்டு மனிதன் அனுப்பிய கருவிகளும் வெளியேறியுள்ளன. 1980 நவம்பரில் சனியின் துணைக்கோளான டைட்டனை அணுகிக் கடந்த வாயேஜர் 1, அங்கிருந்து வடக்கே வளைந்து, அத்தளத்துக்குச் சுமார் 35 பாகை சாய்வில் மேலேறிச் சென்றது. 2012 ஆகஸ்டில் சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டியது. வாயேஜர் 2 அதற்கு நேர்மாறாகத் தெற்கே இறங்கி, 2018 நவம்பரில் அவ்வெல்லையைக் கடந்தது. வாயேஜர் 1 இப்போது சென்றுகொண்டிருக்கும் திசையிலுள்ள விண்மீன் கூட்டத்தையும் அஸ்ஸூஃபீ இரு விதமாக வரைந்து வைத்திருக்கிறார். அதன் அரபுப் பெயர் 'ஹவ்வா'. பொருள், பாம்பாட்டி.