ரிம்முக்குக் கீழே ஒரு கோடு: லோரைடர் கார்களும் ஒரு கலிஃபோர்னியா சட்டமும்

காரோட சஸ்பென்ஷனை இறக்கிப் பார்த்தவங்களுக்கு ஒரு சத்தம் நல்லாத் தெரியும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு யு-டர்ன் எடுக்கும்போதோ, பின் சீட்ல மூணு பேரை ஏத்திக்கிட்டு ஒரு பள்ளத்துல இறங்கும்போதோ, மட்கார்டுக்கு உள்ள இருந்து ‘சர்ர்ர்’னு வரும். டயர் தகட்டுல உரசுற சத்தம். கவனிக்காம விட்டா டயரோட ஓரத்துல ஒரு கோடு விழும், அப்புறம் உள்ள இருக்கிற கம்பி தெரியும், அப்புறம் ஒரு நாள் வெடிக்கும்.

இந்த எபிசோட் அந்தச் சத்தத்தோட வரலாறு. 1950-களோட தெற்குக் கலிஃபோர்னியாவுக்குப் போறோம். டயர் உரசலுக்கு உலகத்துலயே விசித்திரமான தீர்வு ஒண்ணு அங்கதான் பிரபலமாச்சு. அந்தத் தீர்வுக்குப் பின்னாடி மெக்கானிக்கும் இருக்காங்க, அபராதச் சீட்டோட நிக்கிற போலீஸும் இருக்காங்க.

இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச காலம். லாஸ் ஏஞ்சலஸோட கிழக்குப் பகுதியில வாழ்ந்த மெக்சிகன்-அமெரிக்க இளைஞர்கள், தங்களைச் சிகானோன்னு சொல்லிக்கிட்டவங்க, பழைய செவ்ரோலே கார்களை வாங்கினாங்க. அதே ஊர்ல ஹாட் ராட் கூட்டம்னு இன்னொண்ணு இருந்துச்சு. அவங்களுக்கு வேகம்தான் எல்லாம். இவங்க அதுக்கு நேர் எதிர். கார் தரையோட தரையா இருக்கணும், ஊர்வலம் மாதிரி மெதுவாப் போகணும். ‘பஹீத்தோ இ சுவாவெசீத்தோ’ன்னு ஸ்பானிஷ்ல சொல்வாங்க: தாழ்வா, மென்மையா. இதை வெறும் ஸ்டைல்னு எடுத்துக்காதீங்க. 1943-ல இதே ஊர்லதான் தொளதொளன்னு ஜூட் சூட் போட்ட மெக்சிகன்-அமெரிக்கப் பசங்களை, விடுமுறையில வந்த கடற்படைக்காரங்களும் ராணுவத்தினரும் தெருத்தெருவாத் தேடி அடிச்சாங்க. அப்படிப்பட்ட ஊர்ல, எல்லாரும் பார்க்கிற மாதிரி, அவசரமே இல்லாம, பளபளன்னு ஒரு காரை ஓட்டிட்டுப் போறதுக்கு ஒரு அர்த்தம் இருந்துச்சு.

சரி, காரை எப்படி இறக்கினாங்க? முதல் வழி மணல் மூட்டை. டிக்கியில ரெண்டு மூணு மூட்டையைப் போட்டா ஸ்பிரிங் அமுங்கும், பின்பக்கம் தாழும். அடுத்தது, காயில் ஸ்பிரிங்ல ஒரு சுத்தையோ ரெண்டு சுத்தையோ வெட்டி எடுக்கிறது. இன்னும் அவசரக்காரங்க கேஸ் டார்ச் வச்சு ஸ்பிரிங்கைச் சூடு பண்ணித் தொங்க விட்டாங்க. தயவுசெஞ்சு இந்தக் கடைசி ஐடியாவை யாரும் முயற்சி பண்ணாதீங்க. சூடு பட்டா எஃகோட பதம் போயிடும், அப்புறம் அது ஸ்பிரிங்கே இல்ல.

எந்த வழியில இறக்கினாலும் விளைவு ஒண்ணுதான். தொழிற்சாலையில டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல விட்ட இடைவெளி அழகுக்காக விட்டது இல்ல. சக்கரம் பள்ளத்துல ஏறி இறங்க அந்த இடம் வேணும். காரை இறக்கும்போது நீங்க செலவழிக்கிறது அந்த இடத்தைத்தான். மட்கார்டோட ஓரத்துல தகடு உள்பக்கமா மடிஞ்சு ஒரு உதடு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். சக்கரம் மேல வரும்போது முதல்ல போய் முட்டுறது பெரும்பாலும் அதுலதான். முன் சக்கரத்துக்கு இன்னொரு தொல்லை: அது திரும்பவும் செய்யணும். அதனால உள்பக்கத் தகடு, சட்டம்னு எங்க வேணும்னாலும் உரசலாம்.

எங்க உரசுதுன்னு கண்டுபிடிக்கிறது சுலபம். டயரோட ஓரத்துல சாக்பீஸ் தடவி, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க. எங்க அழிஞ்சிருக்கோ அங்கதான் பிரச்சினை. தகட்டு உதடுன்னா அதை மேல்நோக்கி மடிச்சுத் தட்டலாம். அமெரிக்காவுல இதுக்கு பேஸ்பால் மட்டையையே பயன்படுத்துவாங்க. டயருக்கும் தகட்டுக்கும் நடுவுல மட்டையைச் செருகி, காரை மெதுவா உருட்டினா, மட்டை சுழன்டு தகட்டை மடிச்சுக்கிட்டே போகும். பெயின்ட்டை முன்னாடியே சூடு பண்ணாட்டி விரிசல் விடும், அதுதான் ஒரே சிக்கல்.

லோரைடர்கள் சின்னச் சக்கரத்தையும் பிடிச்சுக்கிட்டாங்க. 13 அங்குலக் கம்பி ஆரச் சக்கரமும் ஒல்லியான டயரும் பின்னாடி அவங்களோட அடையாளமாவே ஆயிடுச்சு. பார்க்க அழகு, கூடவே மட்கார்டுக்குள்ள கொஞ்சம் இடமும் கிடைக்கும். ஆனா அந்தச் சக்கரங்கள் வெளிப்பக்கம் துருத்திக்கிட்டு நிக்கிற ரகம். பின் சக்கரத்தைப் பாதி மூடுற ஸ்கர்ட் தகட்டை மாட்டினா மறுபடியும் உரசும். அதுக்காகப் பின் ஆக்சிலையே கழட்டி வெட்டிச் சுருக்கினவங்க உண்டு. ஒரு தகட்டை மாட்டணும்னு ஆக்சிலை வெட்டுற மனசு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

மெக்கானிக் வேலை இவ்வளவுதான்னா கதை இங்க முடிஞ்சிருக்கும். 1958 ஜனவரி 1-ல கலிஃபோர்னியாவுல ஒரு சட்டம் அமலுக்கு வந்துச்சு. வாகனச் சட்டத்தோட 24008-வது பிரிவு. ஒரிஜினல் வடிவத்துல இருந்து மாத்தின கார்ல, சக்கரத்தைத் தவிர வேற எந்தப் பாகமும் ரிம்மோட அடிமட்டத்துக்குக் கீழ இறங்கக் கூடாது. லாஜிக் இருக்கு: டயர் பஞ்சர் ஆகிக் காத்து மொத்தமும் போனா கார் ரிம் மேலதான் நிக்கும், அப்ப வேற எதுவும் ரோட்டுல மோதக் கூடாது.

இஞ்சினியர் புத்தியோட யோசிச்சா, இந்தக் கோடு டயரோட பக்கச்சுவர் உயரத்துலதான் இருக்கு. பின்னாடி லோரைடர்கள் அதிகமாப் போட்ட 155/80 ஆர்13 டயரை எடுத்துக்கோங்க. 155 மில்லிமீட்டர்ல 80 சதவீதம், அதாவது 124 மில்லிமீட்டர். பாரத்துல அமுங்கினது போக, ரோட்டுல இருந்து கிட்டத்தட்ட ஒரு சாண்ல பாதி உயரம். இன்னைக்கு வர்ற 225/40 டயர்னா பக்கச்சுவர் 90 மில்லிமீட்டர்தான். ரிம்மும் டயரும் மாறினா சட்டத்தோட கோடும் மாறும்!

எனக்கு உறுத்துறது ‘மாத்தின கார்’ங்கிற வார்த்தை. தொழிற்சாலையில இருந்தே தாழ்வா வர்ற விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் காரை இந்தப் பிரிவு தொடாது. பழைய செவ்ரோலே வாங்கித் தன் கையால இறக்கினவன்தான் மாட்டுவான். நடைமுறையில அது யாரை நிறுத்தறதுக்கு ஒரு சாக்கா ஆச்சுன்னு நான் சொல்லத் தேவையில்ல.

மட்கார்டை மடிக்கலாம், ஆக்சிலைச் சுருக்கலாம், உரசல் போயிடும். ஆனா இந்தச் சட்டத்துக்கு அது எதுவும் உதவாது. ரெண்டையும் ஒரே அடியில தீர்த்தவர் ரான் அகீரே. 1959-ல தன்னோட கார்வெட்ல ஹைட்ராலிக் பம்ப்பையும் வால்வையும் பொருத்தினார். அவை விமான உதிரிச் சாமான்கள். லாக்ஹீட், டக்ளஸ்னு விமானக் கம்பெனிகள் நிறைஞ்ச தெற்குக் கலிஃபோர்னியாவுல, போருக்கு அப்புறம் அந்த மாதிரி உபரிச் சாமான் மலிவாக் கிடைச்சுது. சுவிட்சைத் தட்டினா கார் ஏறும், இன்னொரு தடவை தட்டினா இறங்கும். ஓட்டும்போது சட்டம் சொல்ற உயரம், நிறுத்தினதும் தரை. நம்ம பாஷையில சொன்னா, கோடுக்குள்ள எழுதி வச்ச ஒரு நம்பரை ஓடும்போதே மாத்திக்கிற செட்டிங்கா ஆக்கிட்டார்.

டயர் உரசலுக்கும் இதுதான் பதில். திரும்பணுமா, கொஞ்சம் தூக்கு. பள்ளம் வருதா, தூக்கு. இழந்த இடைவெளி தேவைப்படும்போது மட்டும் திரும்பக் கிடைக்குது. அதுக்காக எல்லாம் சரியாயிடலை. இம்பாலா மாதிரி கார்கள்ல பின் ஆக்சில் பக்கவாட்டுல நகராம இருக்க ஒரு கம்பி பிடிச்சிருக்கும், ஒரு முனை சட்டத்துல, மறுமுனை ஆக்சில்ல. உயரம் மாறும்போது அது வட்டத்தோட ஒரு துண்டு மாதிரி ஆடும். கூடவே ஆக்சிலும் ஒரு பக்கமா நகரும். தூக்கி இறக்க இறக்க, இடது டயர் உரசும், வலது பக்கம் விரல் நுழையும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற கம்பியைப் போட்டு, எந்த உயரத்துல அதிகம் ஓட்டுறீங்களோ அதுக்கு ஆக்சிலை நடுவுக்குக் கொண்டு வரணும்.

விமான பம்ப் போய், லாரியோட பின்கதவைத் தூக்குற பம்ப் வந்துச்சு. டிக்கி முழுக்க பேட்டரி. காரைக் குதிக்க வைக்கிற போட்டியெல்லாம் வந்துச்சு. உலகம் லோரைடர்னா அதைத்தான் நினைக்குது. 1977-ல சான் ஹோசேயில ‘லோ ரைடர்’ பத்திரிகை ஆரம்பிச்சாங்க.

போலீஸ் விடலை. கார் உயரத்தைப் பிடிக்க முடியலைன்னதும் ரோட்டையே பிடிச்சாங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல வார இறுதி ஊர்வலம் நடக்கிற விட்டியர் புலவார்டை 1979-ல அதுக்கு மூடினாங்க. 1980-கள்ல, ஒரே ரோட்டுல திரும்பத் திரும்ப ஓட்டுறதைத் தடை பண்ற அதிகாரத்தை மாநிலம் நகரங்களுக்குக் கொடுத்துச்சு. சான் டியேகோ பக்கத்துல இருக்கிற நேஷனல் சிட்டி 1992-ல தடை போட்டுச்சு. இதே காலத்துக் கார்களை அருங்காட்சியகங்களும் கேட்டு வாங்கிச்சு. ரோஜாப் பூ வரைஞ்ச ‘ஜிப்ஸி ரோஸ்’ங்கிற 1964 இம்பாலாவை 2017-ல வாஷிங்டன் நேஷனல் மால்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுக் காட்டினாங்க. ஓட்டினா குற்றம், நிறுத்தி வச்சா பாரம்பரியம்.

நேஷனல் சிட்டி தன் தடையை 2023-ல எடுத்துச்சு. அதே வருஷம் அக்டோபர்ல ஆளுநர் கவின் நியூசம் ஏபி 436 மசோதாவுல கையெழுத்துப் போட்டார். நகரங்களோட தடை அதிகாரம் போச்சு. கூடவே 1958-ல போட்ட ரிம் கோடும் போச்சு. 2024 ஜனவரி 1-ல இருந்து, வெறும் ஸ்பிரிங்கை மட்டும் மாத்தி ஒரு 64 இம்பாலாவை ரிம்முக்குக் கீழ இறக்கி விட்டியர் புலவார்ட்ல ஓட்டினா, 24008-ன்னு எழுதிச் சீட்டுக் கொடுக்க முடியாது. சுவிட்சே தேவையில்ல. மட்கார்டு உதட்டை மடிச்சுத் தட்டுற வேலை மட்டும் பாக்கி இருக்கும்.