மருதானை மேடையில் உருது மெட்டு

வத்தளையில் உறவினர் வீட்டில் தங்கும் விடுமுறைகளில், களனி ஆற்றைக் கடந்து மருதானை டவர் மண்டபத்துக்குப் போய்விடுவேன். பழைய சிங்கள நூர்த்திப் பாட்டு எழும்போது, மொழி தெரியாதவருக்கும் மெட்டு பழகியதாகவே படும்.

அதற்குக் காரணமுண்டு. 1853இல் லக்னோவில் ஆகா ஹஸன் அமானத் 'இந்தர் சபா' என்ற உருது இசைநாடகத்தை எழுதினார். பார்ஸி நாடகக் குழுக்கள் அதையும் அதுபோன்றவற்றையும் ஊரூராகக் கொண்டுசென்றன. 1880களில் பாலிவாலாவின் குழு கொழும்பில் ஆடியது. பாட்டும் வண்ணத் திரையும் பட்டணத்தை மயக்கின. 1877இல் 'ரொலினா'வுடன் சி. டொன் பஸ்தியன் தொடக்கிய நூர்த்தி, இந்த இசையில்தான் வளர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், ஜோன் த சில்வா ஆரிய இசையென்று போற்றியது இந்த ஹிந்துஸ்தானி இசையையே. முஸ்லிம் உஸ்தாதுகள் தலைமுறைகளாகப் பேணிய இசை அது. 'சிறிசங்கபோ' என்ற சிங்கள மன்னன் கதைக்கு 1903இல் இசையமைத்தவர் இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லௌஜி. 1911இல் டவர் மண்டபம் திறக்கப்பட்டபோது மேடையேறியது சார்ள்ஸ் டயஸின் 'பண்டுகாபய'. அதுவும் மன்னன் கதைதான். நூர்த்திக்கு முந்திய 'நாடகம' வடிவமோ தமிழ்க் கூத்தின் வழிவந்தது.

டவர் மண்டபமும் ஸாஹிராக் கல்லூரியும் ஒரே மருதானையில்தான் இருக்கின்றன. ஆனாலும் கொழும்பு முஸ்லிம்களின் வரலாறு எழுத உட்காரும் நம்மவர் பலர், பள்ளிவாசலையும் வியாபாரத்தையும் தாண்டி இந்த மேடைவரை வருவதில்லை. கூத்தும் பாட்டும் நமக்கெதற்கு என்ற தயக்கமே காரணம் என்று நினைக்கிறேன்.