அம்பத்தூருக்கு வண்டி ஏறும் முன்னே

எங்க செய்யாறு பக்கத்துக் கிராமங்கள்ல இருந்து அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் போனவங்க ஏராளம். மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போய் இறங்கி, கேட் கேட்டா ஏறி வேலை தேடியிருப்பாங்கன்னு பட்டணத்து நண்பர்கள் நினைக்கிறாங்க. அப்படிப் போனவங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வேலை ஊர்லயே முடிவாயிடும், பஸ் ஏறுறது அதுக்கப்புறம்தான்.

அம்பத்தூர்ல டி.ஐ. சைக்கிள் கம்பெனி 1949-ல் வந்தது. 1960-ஐ ஒட்டிப் பாடியில வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ் வந்தன. ஆவடியில டேங்க் ஃபேக்டரி, 1965-ல் முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்துச்சு. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964. ஆயிரம் ஏக்கருக்கு மேல ஷெட்டு ஷெட்டா லேத்து, பிரஸ், பிளேட்டிங். பெரிய கம்பெனிக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிற சின்னப் பட்டறைகள்தான் நிறைய.

அங்கே ஆள் வேணும்னா முதலாளி பேப்பர்ல போட மாட்டார். வேலை செய்யிற ஆள்கிட்டயே, "உங்க ஊர்ல பையன் இருந்தா கூட்டியா"ன்னு சொல்லுவார். உடனே ஊருக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் வரும். எங்க பெரியப்பா எழுதினது இன்னும் டிரங்குப் பெட்டியில இருக்கு. எந்தப் பையன் வரணும், என்ன கிழமை, பூந்தமல்லியில இறங்கி எந்த பஸ் மாறணும், ரெண்டு மரக்கால் அரிசி கொண்டு வரணும், எல்லாம் அதுல இருக்கும். சம்பளம் மட்டும் இருக்காது! ஷிப்ட் மாத்தி மாத்திப் படுக்கிற ரூம்ல ஒரு பாய் காலியா இருக்குங்கிறதையும் மறக்காம எழுதுவார். எங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் அந்தக் கடுதாசிதான்.

சர்க்கார் வழி இன்னொண்ணு இருந்துச்சு, எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு திரும்பின சிப்பாய்களுக்காக 1945-ல் தொடங்கி, பிறகு எல்லாருக்கும் திறந்துவிட்டாங்க. காலியிடத்தை அங்கே அறிவிச்சே ஆகணும்னு 1959-ல் சட்டம் வந்தது. ஆனா தனியார்ல 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்த்த இடத்துக்குத்தான் அது செல்லுபடியாச்சு. தனியார் விவசாய வேலைக்கு (டிராக்டர் மாதிரி மிஷின் ஓட்டுறவங்க நீங்கலா) அது இருக்கவே இல்லை. அறிவிச்ச கம்பெனியும் அங்கிருந்துதான் ஆள் எடுக்கணும்னு கட்டாயமில்லைன்னு அதே சட்டத்துல எழுதியிருந்துச்சு. பத்து பேர் வேலை செய்யிற பட்டறைக்கு இந்தச் சட்டம் எட்டவே இல்லை. அங்கே கடுதாசிதான் சட்டம்.

கடுதாசி யாருக்கு வரும்? ஏற்கெனவே அங்கே ஆள் இருக்கிற வீட்டுக்கு வரும். எங்க தெருவுல மாமன் மச்சான்னு ஒருத்தன் பின்னால ஒருத்தன் போனான். காலனித் தெருவுல அம்பத்தூர்ல ஆளே இல்லை, அதனால கடுதாசியும் இல்லை. எங்க பெரியவங்க அந்தப் பையன்களுக்கு ஒருநாளும் எழுதினதில்லை. அந்த ரூம்ல பாய் போட இடம் கொடுத்திருக்கவும் மாட்டாங்க, அதைச் சொல்லத்தான் வேணும். அவங்க தை பிறந்தா முன்பணம் வாங்கிக்கிட்டு, குடும்பத்தோட திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போவாங்க. சூளை மேஸ்திரி மட்டும் எல்லாத் தெருவுக்கும் வருவார்.

அந்தத் தெருப் பசங்க எம்ப்ளாய்மென்ட் கார்டை விடாம மூணு வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிச்சதுக்குக் காரணம் இதுதான். "அதுல என்னடா வரப்போகுது"ன்னு எங்க தெருவுல கேலி பேசுவாங்க. பட்டறைக்கு ஆகாத கார்டு சர்க்கார் ஃபேக்டரிக்கு ஆகும். அங்கே சீனியாரிட்டியும் இட ஒதுக்கீடும் உண்டு. ஏழு வருஷம் காத்திருந்த ஒருத்தருக்கு எழுபதுகள் கடைசியில ஆவடியிலிருந்து இன்டர்வியூ கார்டு வந்தது. தபால்காரர் அதை எங்க தெருத் திண்ணையில உட்கார்ந்து ரெண்டு தடவை படிச்சுப் பார்த்துட்டுத்தான் அங்கே கொண்டு போனார்.

ரெண்டு வருஷம் கழிச்சு அந்தத் தெருவுக்கும் ஆவடியிலிருந்து இன்லேண்ட் லெட்டர் வர ஆரம்பிச்சது.